நெடிய வாழ்நாளும் நெறி மாறும் தொழிலும்

இளமையிற் கல்வி, நடுவயதில் ஒரே தொழில், முதுமையில் ஓய்வு என மக்கள் வாழ்வை மூன்று கூறாக வகுத்துரைப்பது நம் நாட்டிலும் மேனாட்டிலும் நெடுநாள் வழக்காகும். இலண்டன் வாணிகக் கல்லூரிப் பேராசிரியராகிய லிண்டா கிராட்டன், ஆண்ட்ரூ ஸ்காட் என்னும் இருவரும் 2016இல் வெளியிட்ட நூலொன்றில், நூறாண்டு வாழப் புகும் மக்களுக்கு இம்மூன்று கூறுகள் போதா எனவும், கல்வியும் தொழிலும் ஓய்வும் மாறி மாறி வரும் பல படிகளே இனி வேண்டும் எனவும் எடுத்துக் காட்டினர். இக்கருத்து நம் மாணாக்கர்க்கு எவ்வளவிற் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நாடு விடுதலை பெற்ற நாளில் இந்தியர்க்குப் பிறப்பின்போது எதிர்பார்க்கத்தக்க ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அஃது ஏறத்தாழ 70 ஆண்டுகளாகும். குழவிச் சாவு குறைந்தமை இதற்குப் பெருங்காரணமாயினும், முதியோர் வாழ்நாளும் நீண்டே உளது. தமிழ்நாட்டரசு ஊழியரின் ஓய்வு வயது 58இலிருந்து 2020இல் 59 எனவும், 2021இல் 60 எனவும் உயர்த்தப்பெற்றது. இங்ஙனம் ஆயுள் நீள, தொழிலின் ஆயுளோ குறுகி வருகின்றது.

இவ்வுண்மையை ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியிற் கண்ணாரக் காணலாம். கருநாடக எல்லையை அடுத்த ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின்னர், 1980இல் டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி அங்கிருந்து வெளிவந்தது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. எல்லைக்கு அப்பால் பெங்களூரிலோ, 1961இல் தொடங்கிப் புகழ்பெற்ற எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிலை மூடிவிட 2016இல் மைய அரசு முடிவு செய்தது. 2021இல் போச்சம்பள்ளியருகே மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலை எழுந்தது. பெட்ரோல் எஞ்சினின் உறுப்புகள் பல அவ்வண்டிக்கு வேண்டாதன.

எம் சிற்றப்பனார் ஒருவர் ஓசூரில் ஒரு சிறு லேத்துப் பட்டறையில் கார்புரேட்டருக்குரிய பித்தளைத் துண்டுகளை இருபதாண்டுக்கு மேல் கடைந்து வந்தவர். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்னும் புகைவிதி நடைமுறைக்கு வரவே, புதிய வண்டிகளில் கார்புரேட்டர் நீங்கி, எரிபொருளை அளந்து பீச்சும் கருவி இடம்பெற்றது. பட்டறைக்கு வேலை அருகியது. நாற்பத்தாறாம் வயதில் அவர், இருபது வயது இளைஞரோடு ஒரே பலகையில் அமர்ந்து, கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரத்தைக் கற்றார். ஓராண்டு வருவாய் பாதியாயிற்று. சிற்றன்னையாரின் தையற்பொறியே அவ்வாண்டில் குடும்பத்தைத் தாங்கிற்று. ஆயினும், மைக்ரோமீட்டரைக் கையிற் கொண்டு மயிரிழை வேற்றுமையையும் உணரும் அவர்தம் பழந்திறன் வீண்போகவில்லை. புதிய இயந்திரத்திலும் அதுவே அவருக்கு முதலாயிற்று.

தொழிலை மாற்றிக்கொண்ட வாழ்வுக்கு இப்பகுதியே பெருஞ்சான்று ஒன்றையும் அளித்துள்ளது. ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த இராஜாஜி, ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞரானார். 1917இல் அந்நகரசபைத் தலைவரானார். பின்னர் வருவாய் மிக்க தம் தொழிலைத் துறந்து விடுதலைப் போரில் புகுந்தார். 1925இல் திருச்செங்கோட்டையடுத்துக் காந்தி ஆசிரமம் கண்டார். 1937இல் சென்னை மாகாண முதலமைச்சரும், 1948இல் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1954இல் முதலமைச்சர் பதவியை விட்டவர் எழுத்தில் முனைந்தார். அவர்தம் 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றது. 1959இல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். 1962இல் அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு வேண்ட அமெரிக்கா சென்று கென்னடியைக் கண்டார். 1972இல் மறையும் வரை அவர் ஓய்வென ஒன்றை வகுத்துக்கொண்டிலர்.

இவை ஒன்றோடொன்று தொடர்பற்ற தாவல்களோ எனின், அல்ல. எடுத்த பொருளைத் தெளிவுற நிறுவுதல், சுருங்கச் சொல்லல் என்னும் திறன்கள் நீதிமன்றத்தில் முதிர்ந்து, சட்டசபையிலும் நூலிலும் உடன் வந்தன. தொழில் மாறலாம், திறன் உடன்செல்லும் என்பதே இதன் கருத்து.

ஆயினும் இருவகைத் தடையை மறத்தலாகாது. முதலாவது, கைப்பொருள் உடையார்க்கே மாற்றம் எளிது. ஒப்பந்தக் கூலியாளர்க்கு ஒரு திங்கள் வேலையின்மையும் பெருந்துன்பமாம். இரண்டாவது, வழி திறந்திருத்தல் வேண்டும். இராஜாஜியே 1953இல், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய பொழுதில் சிறுவர் பெற்றோர் தொழிலைப் பயிலுமாறு வகுத்த திட்டம், குலக்கல்வி எனப் பெரும் எதிர்ப்புக்குள்ளாகி 1954இல் கைவிடப்பட்டது. பல தொழில் கண்ட பெரியார் வகுத்த திட்டமே பிறர் பிள்ளைகளை ஒரு தொழிலிற் கட்டிவிடும் என மக்கள் அஞ்சியது சிந்தித்தற்குரியது.

ஆகவே நாம் செய்யத்தக்கன யாவை? ஓராண்டுக் கல்விக்கேனும் போதுமான பொருளைச் சிறுகச் சேமித்தல் ஒன்று. கணவன் கற்கும்போது மனைவி ஈட்டியும், மனைவி கற்கும்போது கணவன் ஈட்டியும் முறைவைத்து உதவுதல் ஒன்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (1985), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் (2002) தொழில் புரிவோர்க்கும் கல்வி வழங்குதலின், அவற்றைப் பயன்கொள்ளுதல் ஒன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தார் அம்மொழித் திறனைப் பொருளாக மதித்தல் மற்றொன்று.

தமிழ் பயின்று என்ன செய்யப் போகின்றீர் என உற்றார் எம்மை வினவுங்கால் யாம் விடையறியாது நின்றதுண்டு. ஒரு சொல்லில் விடை கூற இன்றும் இயலாது. ஆயின் சிற்றப்பனார்க்கு அளவறியும் விரல் எங்ஙனமோ, அங்ஙனமே எமக்குப் பொருளறிந்து சொல்லை ஆளும் பயிற்சி என்று துணிந்தோம். அப்பயிற்சியைக் கூர்மையாக்கிக் கொள்வோமாயின், நாற்பதிலும் அறுபதிலும் மீண்டும் மாணாக்கராய் அமர நாம் அஞ்ச வேண்டுவதில்லை.