தரை தொடாத அணில்

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பு ஓடைக்கரையில் அண்ணாந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது வால்தான். உடம்பளவு நீண்ட, வெள்ளை மயிர் கலந்து நரைத்த வால் கிளையிலிருந்து தொங்கும். முற்றத்து அணிலின் முதுகில் உள்ள கோடுகள் இதற்குக் கிடையாது. எடை ஒரு கிலோவைத் தாண்டும். இந்தச் சாம்பல் நிற மலை அணிலுக்காகத்தான் 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலைச்சரிவில் ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டர் சரணாலயமானது. 2021-ல் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட, பெயர்ப்பலகையை விட்டு அணில் இறங்கிவிட்டது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. புலிக்குக் கிடைக்கும் காவல் அணிலுக்கும்தான். ஆனால் சதுர கிலோமீட்டர் அணிலுக்கு அளவுகோல் ஆகாது. பக்கத்து மரங்களோடு தலை உரசி நிற்கும் உயர்ந்த மரத்தில்தான் சுள்ளியும் இலையும் சேர்த்துக் கூடு கட்டும். ஒன்றுக்குப் பல கூடுகள். துரத்தல் வந்தால் கிளைக்குக் கிளை தாவித் தப்ப வேண்டும். ஒரு மரம் விழுந்து தாவ முடியாத இடைவெளி உண்டானால் தரையில் இறங்கியாக வேண்டும், அங்கே நாய் இருக்கும். அப்படித் தொடர்ந்து நிற்கும் மரங்கள் பெரும்பாலும் ஓடையோரம்தான். வரைபடத்தில் பரந்த பச்சையாகத் தெரியும் காடு, அணிலுக்கு ஒரு நாடாவாகவும் சில தீவுகளாகவும் சுருங்கிவிடுகிறது.

அந்த நாடா அடிவாரத்தில் பட்டா நிலத்துக்குள் நுழைகிறது. மாங்காயையும் புளியையும் கடித்துப் போடும் பிராணிக்குத் தோப்புக்காரர் ஏன் இடம் தர வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அணிலைக் கொல்வது குற்றம். காய்ப்பு ஓய்ந்த தோப்பு மரத்தை வெட்டுவதை அந்தச் சட்டம் தடுக்காது. அடர் நடவு மாந்தோப்பில் மரங்கள் நெருக்கமாகத்தான் நிற்கின்றன, ஆனால் கவாத்து செய்து குட்டையாகவே வைக்கப்படுகின்றன. ஓடைக்கரை மரத்திலிருந்து அங்கே தாவ முடியாது. எனவே கடிபட்ட காய்க்கு நஷ்டஈடு கொடுப்பதைவிட, வரப்போரத்தில் நிற்கும் முதிய மரத்துக்கு ஆண்டுதோறும் வாடகை கொடுப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. இந்த இனம் காவிரிக்கரையிலும் சின்னாறிலும் இலங்கையிலும் இருக்கிறதே, இவ்வளவு கவலை எதற்கு என்றும் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் சமவெளியைக் கடந்து காவிரிக்கரை அணில் இங்கே வரப்போவதில்லை. இங்கே ஒழிந்தால் அந்த இடம் காலிதான். மரங்களுக்கிடையே கயிற்றுப் பாலம் கட்டலாமே என்றால், அது சாலையைக் கடக்க உதவும், அதில் கூடு கட்ட முடியாது. இன்று நடும் புளியங்கன்றின் கிளை எதிர்க்கரை மருதத்தைத் தொடப் பல பத்தாண்டுகள் ஆகும்.