வாய்ப்புற்றும் குருதி அழற்சிக் குறிகாட்டிகளும்: மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல்

இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று ஒன்று. புகையிலையும் பாக்கும் அதன் முதன்மைக் காரணங்கள். இந்நோயாளரின் குருதியில் காணப்படும் அழற்சிக் குறிகாட்டிகளுக்கும் நோயின் போக்குக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஆய்வுகள் அண்மைக்காலத்தில் பெருகியுள்ளன. அவற்றின் முடிவுகளைத் தமிழில் தரும்போது எழும் சிக்கலொன்றை இக்கட்டுரை விளக்குகிறது.

புற்றுக்கட்டியில் வெள்ளணுக்கள் இருப்பதைக் கண்டு, அழற்சிக்கும் புற்றுக்கும் தொடர்புண்டு என 1863-இல் ருடால்ஃப் விர்க்கோ கருதினார். இன்று அழற்சியை அளக்க உதவும் எளிய குறிகாட்டி, நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட்டு என்னும் இருவகை வெள்ளணுக்களின் விகிதமாகும். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் முன்னது 6,000, பின்னது 2,000 எனில் விகிதம் 3. கல்லீரலில் உருவாகும் சி-ரியாக்டிவ் புரதம் மற்றொரு குறிகாட்டி. சிகிச்சைக்கு முன் இவை உயர்ந்திருந்த நோயாளரிடையே உயிர்வாழ்வு குறைந்திருந்ததைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

இம்முடிவை மூவகையாக எழுதலாம்:

1. விகிதம் உயர்வதால் வாழ்நாள் குறைகிறது.
2. விகிதம் உயர்ந்தால் வாழ்நாள் குறையும்.
3. விகிதம் உயர்ந்திருந்தோருள் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோரின் விழுக்காடு குறைவாக இருந்தது.

முதல் தொடரில் ‘ஆல்’ காரணப்பொருள் தருகிறது. ஆய்வு காட்டியதோ தொடர்பு மட்டுமே. தொற்று, ஈறழற்சி, புகைபிடித்தல் ஆகியவற்றாலும் இவ்வளவுகள் உயரும். இரண்டாம் தொடரில் நிபந்தனை எச்சமும் ‘உம்’ ஈற்று எதிர்கால வினையும் இணைந்து, ஒரு குழுவைப் பற்றிய கூற்றைத் தனியொருவரின் முடிவாக ஒலிக்கச் செய்கின்றன. மூன்றாவதே மூலத்துக்கு நெருங்கியது.

கலைச்சொற்களிலும் இதே இடர் உண்டு. ‘முன்கணிப்புக் காரணி’ என்னும் தொடரில் ‘காரணி’ என்பது காரணத்தை நினைவூட்டுகிறது. ‘கணிப்பு’ என்பதோ சாதகம் கணிக்கும் வழக்கால் ஊழின் சாயலைப் பெறுகிறது. ஆதலின் ‘நோய்ப்போக்குக் குறிகாட்டி’ என்பது ஏற்புடையது எனலாம்.

இது சொல்லாய்வு மட்டுமன்று. சிகிச்சையை முடிவு செய்வதில் முதன்மை பெறுவன கட்டியின் அளவும் ஆழமும் நிணநீர்க்கணுக்களில் அதன் பரவலுமே. குருதி அளவுகள் துணைச்சான்றுகளே. விகிதத்தைக் காரணமாகப் படிக்கும் நோயாளர், அதைக் குறைக்கும் மருந்தைத் தேடி அறுவையைத் தள்ளிப்போடக்கூடும். ஊழாகப் படிப்பவர் சிகிச்சையையே கைவிடக்கூடும். மருத்துவ மொழிபெயர்ப்பில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் கலைச்சொல்லுக்கு இணையான கவனம் பெற வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.