பழைய மடிக்கணினிக்கு எந்த லினக்ஸ்?

2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால், பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். விண்டோஸ் 11க்கு மாறலாமே எனில், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. பெஸ்தாரி ஜெயாவிலோ ஈஜோக்கிலோ உள்ள செம்பனைத் தோட்ட வீடொன்றில், அண்ணன் பயன்படுத்திய மடிக்கணினி தங்கைக்கு வந்திருந்தால், அது இந்தச் சோதனையில் தேறாமல் போகக்கூடும். புதியது வாங்கப் பணம் புரட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய வழி லினக்ஸ்.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸின் மையப் பகுதியை வெளியிட்டார். அதனுடன் தேவையான மென்பொருள்களைச் சேர்த்துப் பலரும் தருகின்ற தொகுப்பே ‘வழங்கல்’ எனப்படுகிறது. வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால்தான் புதியவர் திகைக்கிறார். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இத்திகைப்பு நேரவில்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் பலவற்றில், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் முன்னதாகவே நிறுவப்பட்டிருந்தது. இங்கோ நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

விண்டோஸில் பழகியவருக்கு லினக்ஸ் மின்ட் மிகவும் பொருந்தும். பட்டியல் பொத்தான் இடப்பக்கக் கீழ் மூலையிலேயே இருப்பதால் கை தடுமாறாது. உபுண்டுவும் நல்லதுதான், ஆயினும், அதன் திரையமைப்பு வேறு, பழகச் சில நாள் ஆகும். நினைவகம் 4 ஜிபி மட்டுமே என்றால், மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுப்பது நன்று. அதனினும் குறைவாக இருந்தால் லுபுண்டுவை முயன்று பார்க்கலாம். புகழ்பெற்றது எது என்பதைவிடக் கையிலுள்ள கணினி எதைத் தாங்கும் என்பதே முக்கியம்.

அதை அறிய எதையும் அழிக்க வேண்டியதில்லை. மின்ட்டின் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். கைப்பேசித் தரவில் இறக்கினால் செலவு கூடும்; நல்ல இணைய வசதியுள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளலாம். பிறகு, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் அதை 8 ஜிபி விரலியில் எழுதி, விரலியிலிருந்தே கணினியை இயக்கலாம். விரலியில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. இவ்வாறு இயக்கும்போது வேகம் சற்றுக் குறையும். அப்போதே வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, படக்கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பலரைக் கைவிடச் செய்வது வைஃபைதான்.

டெலிமா தளம் உலாவியிலேயே திறக்கும். கட்டுரை எழுத லிப்ரே ஆபிஸ் உடன் வரும். வேர்டு கோப்பின் பக்க அமைப்பு அதில் சிறிது மாறலாம் என்பதால், ஆசிரியருக்கு அனுப்பும்போது பிடிஎஃப் கோப்பாக மாற்றி அனுப்புவது பாதுகாப்பானது. தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளில் சேர்த்துக்கொள்ளலாம். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்பவர் ஐபஸ் என்னும் கருவியையும் அதற்குரிய தமிழ்த் தொகுப்பையும் நிறுவ வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே நிறுவுதல். அதற்கு முன் குடும்பப் படங்களையும் பள்ளிக் கோப்புகளையும் வேறொரு விரலியில் படியெடுத்து, அவை திறக்கின்றனவா என்று மற்றொரு கணினியில் பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டை அழித்து நிறுவினால் பழையவை திரும்ப வாரா. மின்ட் எழுதிய விரலியையோ அடுத்த வீட்டாருக்கும் கொடுக்கலாம். அதன் உரிமம் அதற்கு இடமளிக்கிறது.