கவுன்சலரிடம் போகும் முன் கேட்க வேண்டியவை

'கவுன்சலர்' என்று பெயர்ப்பலகை எழுதி மாட்ட இன்று நடைமுறையில் பெரிய தடை எதுவும் இல்லை. டாக்டர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் உண்டு, வக்கீல் என்றால் பார் கவுன்சில் உண்டு. வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்ட பதினாறு வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஒருவர் முன்னால் போய் உட்காரும்போது, அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. மூன்று ஆண்டு படித்தவரும், மூன்று நாள் பயிற்சி முடித்தவரும் ஒரே பெயரில் எதிரில் உட்கார்ந்திருக்கலாம்.

ஊரப்பாக்கம் மாதிரி ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில், ஜிஎஸ்டி சாலையை ஒட்டி வேகமாகப் பெருகிய ஊர் இது. பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம், இரண்டு ஸ்டேஷன் தாண்டினால் பொத்தேரி, காட்டாங்குளத்தூர் கல்லூரிகள். வெளியூரிலிருந்து வந்து பி.ஜி. அறைகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் ஒருபக்கம். அப்பா, அம்மா இருவரும் காலை மின்சார ரயிலில் கிளம்பி இரவில் திரும்பும் வீடுகளின் பிள்ளைகள் இன்னொருபக்கம். தாத்தா பாட்டியும் சித்தி மாமாவும் அடுத்த தெருவில் இருந்த காலத்தில் அவர்கள் காதில் விழுந்த விஷயங்கள், இங்கே யார் காதிலும் விழாமல் போகின்றன. அதனால்தான் வெளியாள் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த வெளியாள் எந்தப் படியில் நிற்பவர் என்று தெரிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை.

முதல் படியில் தன்னார்வலர்கள், சக மாணவர் வழிகாட்டிகள், புறத்தொடர்புப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பிள்ளையைக் கண்டுபிடிப்பதும் பேச்சுக் கொடுப்பதும் சரியான இடத்துக்கு அழைத்து வருவதும் இவர்கள் வேலை. அடுத்து சமூகப்பணி படித்தவர்கள். பி.எஸ்.டபிள்யூ. மூன்று ஆண்டு, எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு ஆண்டு. இந்தப் படிப்பின் உயிர்நாடி களப்பயிற்சி: வகுப்பு நடக்கும்போதே மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் இல்லம், குடிசைப் பகுதி என்று போய் வேலை செய்து, ஒவ்வொன்றையும் எழுதி ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும், எழும்பூரில் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கிலும் இதைப் படிக்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் இளைஞர் மேம்பாட்டுக்கென்றே மத்திய அரசின் ராஜீவ் காந்தி தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆலோசனை உளவியலில் முதுகலை முடித்தவர்களும் ஏறத்தாழ இதே படியில் நிற்பவர்கள். தேர்வு பயம், நட்பில் முறிவு, வீட்டுச் சண்டை, போன் பழக்கம், தன்மேல் நம்பிக்கை இழப்பது போன்றவற்றில் இவர்களால் நிறையச் செய்ய முடியும்.

இதற்கு மேலே இருப்பவர்களைச் சட்டமே வரையறுக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சமூகப்பணி முதுகலைக்குப் பிறகு இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவர்தான் மனநல சமூகப்பணியாளர். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் குழுமத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். பதிவில்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாத்திரை எழுதிக் கொடுப்பது மனநல மருத்துவர் வேலை. கவுன்சலர் ஒருவர் மாத்திரை கொடுத்தாலோ, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ அங்கே மறுபடி போக வேண்டாம்.

ஆலோசகர்களையும் சமூகப்பணியாளர்களையும் ஒரே பதிவேட்டின் கீழ் கொண்டுவர 2021-இல் இணைநிலை சுகாதாரத் தொழிலாளர் ஆணையச் சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக, உளவியல் படிப்பை 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி உத்தரவிட்டிருக்கிறது. வார இறுதியில் ஆன்லைனில் படித்து கவுன்சலர் ஆகலாம் என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டப்போகும் இளைஞர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பட்டம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. இந்தத் தொழிலில் தேர்ந்தவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில உண்டு. முதல் சந்திப்பில் அறிவுரை சொல்ல மாட்டார், கேட்பார். பெற்றோரிடம் தனியாகவும் பிள்ளையிடம் தனியாகவும் பேசுவார். பிள்ளை சொன்ன எது பெற்றோருக்குப் போகும், எது போகாது என்பதை இருவர் முன்னிலையிலும் முதல் நாளே சொல்வார். குறிப்பு எழுதிப் பாதுகாப்பார். 'செத்துப்போகலாம் என்று தோன்றியதா?' என்று தேவைப்படும்போது நேரடியாகக் கேட்பார். அப்படிக் கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. பேச ஒரு வாசல்தான் திறக்கிறது. எல்லாவற்றையும்விட, தன்னால் முடியாத இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் பையனை ஆறு மாதம் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல், அந்த வாரமே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ அனுப்பிவைப்பார். இதை அவருடைய தோல்வி என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலின் உச்சத் திறமையாக நான் கருதுவது இதைத்தான்.

சரியான ஆட்கள் சரியான படியில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு துயரம் இருக்கிறது. 2022 டிசம்பர் கடைசி நாளில், செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் தாம்பரம் பகுதியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பேட்டரி திருடியதாகச் சொல்லிப் பிடிக்கப்பட்டு, இல்லத்துக்கு அனுப்பப்பட்டவன். அடித்ததில்தான் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி, இல்ல ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்து இல்லங்களின் செயல்பாட்டை ஆராயச் சொன்னது. அந்தப் பிள்ளையின் பெயரை நான் எழுதவில்லை. சட்டத்துக்கு முரண்பட்ட சிறாரின் அடையாளத்தை வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை விதிக்கிறது. அதே சட்டத்தின் கீழ், இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் தயாரிக்க வேண்டும், ஆலோசனை கிடைக்க வேண்டும். உள்ளே வரும் பிள்ளையின் முகத்தை முதல் மணி நேரத்தில் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே எப்போதும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஒருவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? அரசு ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் இவருக்கு 'ஆற்றுப்படுத்துநர்' என்று பெயர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் ஒப்பந்தப் பணி. தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய். சமூகப்பணியாளருக்கும் அதே தொகை. பாதுகாப்பு அலுவலருக்கு 27,804. சில இல்லங்களில் வருகை தரும் நாளுக்கு ஆயிரம் ரூபாய், போக்குவரத்துச் செலவு அதற்குள்ளேயே. ஐந்து ஆண்டு பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு இது போதாது. நாள் கணக்கில் வந்துபோகிறவரிடம் ஒரு பிள்ளை மனம் திறப்பதும் கடினம். அரசு இல்லங்களில் இந்தப் பணியிடங்களை நிரந்தரமாக்குவதுதான் முதல் சீர்திருத்தம் என்பேன்.

பள்ளிகள், கல்லூரிகள் பக்கம் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் உள்ள எந்தக் கல்வி நிறுவனமும், கோச்சிங் சென்டர் உட்பட, குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற கவுன்சலர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியில் உள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். உதவி எண்களை வகுப்பறையிலும் விடுதியிலும் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைத் தனித்தனி பேட்ச்சாகப் பிரிப்பதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தனிச் சட்டம் வரும்வரை இவை கட்டுப்படுத்தும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஃபீஸ் பற்றிப் பேசுவதோடு, 'உங்கள் கவுன்சலர் யார், என்ன படித்தவர், எந்தெந்த நாள் இருப்பார்?' என்றும் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

இனி பிள்ளைகளின் உரிமை. மனநலச் சிகிச்சை பெறுகிறவரின் தகவலை ரகசியமாக வைக்க வேண்டும் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. பெயரை மாற்றி உங்கள் கதையை ரீல்ஸில் போடுகிறவர் தொழில் ஒழுக்கத்தை மீறுகிறார். தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை வீட்டார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தயங்குவது போலீஸ் கேஸுக்குப் பயந்துதான். 2017 சட்டம் அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவே இல்லை. ஆகவே தாமதம் செய்யாதீர்கள்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு, அதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் கவுன்சலர் பெற்றோரிடம் பேசியே ஆக வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், போக்ஸோ சட்டம் 19-ஆவது பிரிவுப்படி யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ கிடைக்கலாம். சிக்கல் எங்கே என்றால், பதினேழு வயதுப் பெண்ணும் பத்தொன்பது வயதுப் பையனும் விரும்பிப் பழகியதும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இத்தகைய வழக்குகளில் இளைஞர்கள் சிக்கித் தவிப்பதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் ஒரு தீர்ப்பில் விரிவாக எழுதினார். சட்டம் மாறவில்லை. எனவே நேர்மையான கவுன்சலர், பிள்ளை எதையும் சொல்லத் தொடங்கும் முன்பே இந்த எல்லையை விளக்கிவிடுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிறகு சொல்வது நம்பிக்கை துரோகம்.

அதே நீதிபதி, ஓரினக் காதலர் இருவர் பாதுகாப்புக் கேட்டு வந்த சுஷ்மா வழக்கில், தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே அமர்வுக்குப் போனார். பிறகு 2021 ஜூன் 7 அன்று, பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாற்றுவதாக'ச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். உங்கள் மகனையோ மகளையோ 'சரி செய்து தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால், அவர் செய்வது சிகிச்சை அல்ல.

தவறு நடந்துவிட்டால் எங்கே போவது? ஊரப்பாக்கத்தில் இதுதான் ஆட்களைக் குழப்புகிறது. சென்னை என்று முகவரி எழுதுகிறோம். நிர்வாகம் செங்கல்பட்டு மாவட்டம். காவல் மட்டும் 2022 முதல் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம். எனவே தவறாகத் தொட்டது, மிரட்டியது, தனியாக வீட்டுக்கு வரச் சொன்னது போன்றவற்றுக்குக் காவல் நிலையம், கூடவே குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைகள் நலக்குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு உரியவைதான், சென்னையுடையவை அல்ல. மனநல மருத்துவர் மீது புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். மருத்துவ உளவியலாளர் என்றால் மறுவாழ்வுக் குழுமம். பணம் வாங்கிக்கொண்டு பொய்த் தகுதி சொன்னவர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும்தான் சாட்சி, அழித்துவிடாதீர்கள்.

காசில்லாமலும் உதவி கிடைக்கும். 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' சேவை இரவும் பகலும் தமிழில் பேசுகிறது. பள்ளி மாணவர்களுக்கு 14417. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050.

இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்களிடம் ஒரு வார்த்தை. நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதோடு விடாதீர்கள். என் வழக்குகளை வாரம் ஒருமுறை யார் உட்கார்ந்து பார்ப்பார்? இரவில் களத்துக்குப் போக வேண்டியிருந்தால் உடன் யார் வருவார்? பாலியல் துன்புறுத்தல் புகார்க் குழு இருக்கிறதா? எனக்கே மனம் தாங்காமல் போனால் யாரிடம் பேசலாம்? இவற்றுக்குப் பதில் இல்லாத நிறுவனம் சம்பளம் கூடுதலாகச் சொன்னாலும் வேறு இடம் பாருங்கள். மேற்பார்வை இல்லாமல் வேலை செய்யும் கவுன்சலர் இரண்டு ஆண்டில் ஓய்ந்துபோவார். அதற்குள் அவரிடம் வந்துபோன பிள்ளைகளுக்கும் அந்தச் சேதத்தில் பங்கு உண்டு.