பழுப்புச் சாறும் ஒரு பழைய வினாவும்



நான் வேதியியல் ஆசிரியனாய்ப் பணி தொடங்கிய காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஐயா, வறுத்தால் கறி சிவக்கிறது, வேகவைத்தால் ஏன் சிவப்பதில்லை?" என்று வினவினாள். "வறுக்கும்போது சிறிது கருகுகிறது, அவ்வளவுதான்" என்று கூறி அவளை அமர்த்தினேன். அவ்விடை பிழையானது. அதனை நான் உணர்ந்த இடம் வகுப்பறையன்று. ஓய்வு பெற்றபின் புகுந்த சமையலறையே ஆகும்.

பிரெஞ்சுச் சமையலில் 'தெமி கிளாஸ்' என்றொரு பழுப்புச் சாறு உண்டு. அது தனியே உண்பதற்குரியதன்று; பல சாஸ்களுக்கு அடிப்படையாய் நிற்பது. காளான் சேர்த்தால் ஒன்று, திராட்சை மது சேர்த்தால் மற்றொன்று என அது விரியும். ஒகுஸ்த் எஸ்கோஃபியே என்னும் சமையற்கலைஞர் 1903-இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். பிரெஞ்சு நாட்டார் இதற்குக் கன்றின் எலும்பைக் கொள்வர். நான் கோழி எலும்பைக் கொண்டேன்.

செய்முறையைக் கூறுகிறேன். இரண்டு கிலோ எலும்பை ஓவன் அடுப்பில் 220 பாகை வெப்பத்தில் நன்கு சிவக்க வாட்டுக. வெங்காயம் 200 கிராம், காரட் 100 கிராம், செலரித் தண்டு 100 கிராம் ஆகியவற்றை நறுக்கி வதக்கி, இரண்டு கரண்டி தக்காளி விழுதும் சேர்த்துச் சிவக்க விடுக. எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்திலிட்டு, நான்கு லிட்டர் குளிர்ந்த நீர் ஊற்றி, சிறு தீயில் ஐந்து மணி நேரம் வைத்திடுக. மேலே எழும் நுரையையும் கொழுப்பையும் அவ்வப்போது நீக்குக. தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு நீரிற் கலந்து சாறு கலங்கிவிடும். எலும்பை ஒட்டிய கொலாஜன் என்னும் புரதம், நெடுநேர வெப்பத்தில் ஜெலட்டினாக மாறிச் சாற்றுக்குச் செறிவு தரும்.

வடித்த சாறு ஏறத்தாழ இரண்டு லிட்டர் கிடைக்கும். பின்னர், 60 கிராம் வெண்ணெயில் 60 கிராம் கோதுமை மாவைப் பழுப்பு நிறம் வரும்வரை பொறுமையாய் வறுத்து, பாதிச் சாற்றை அதில் ஊற்றி ஒரு மணி நேரம் காய்ச்சுக. எஞ்சிய பாதியையும் சேர்த்து, மொத்தமும் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடித்திடுக. உப்பைத் தொடக்கத்தில் இடலாகாது; நீர் சுண்டும், உப்புச் சுண்டாது.

முதன்முறை நான் செய்தபோது மாவு கறுத்துவிட்டது. சிவப்பதென்பதே சிறிது கருகுவதுதானே என்று நான் நம்பியிருந்தமையால், அஞ்சாமல் சாற்றை ஊற்றினேன். ஒரு நாள் உழைப்பு முழுவதும் கசந்து போயிற்று. அப்போதுதான் பழைய வினா நினைவுக்கு வந்தது, நூல்களைத் தேடினேன்.

லூயி கமீய் மயார் என்ற பிரெஞ்சு அறிஞர், அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் இணைந்து பழுப்பு நிறப் பொருள்களைத் தருவதை 1912-இல் வெளியிட்டார். அமெரிக்க அறிஞர் ஜான் ஹாட்ஜ் அவ்வினையின் படிகளை 1953-இல் ஒழுங்குபடுத்திக் காட்டினார். அது விரைந்து நிகழ ஏறத்தாழ 140 பாகை வெப்பம் வேண்டும். நீரில் வேகும் பொருள் 100 பாகைக்கு மேல் சூடாவதில்லை. ஆகவே அது சிவப்பதில்லை. சிவத்தல் புதிய நறுமணப் பொருள்களை ஆக்குகிறது. கருகுதலோ ஆக்கியவற்றையும் அழித்துக் கரியையும் கசப்பையும் விடுகிறது. இரண்டும் ஒன்றல்ல.

அந்த மாணவி இன்று எங்கிருக்கிறாள் என்பதை அறியேன். அவளுக்கு அன்றே தந்திருக்க வேண்டிய விடையை உங்களிடம் ஒப்படைக்கிறேன். உங்கள் ஆசிரியர் ஒரு வினாவுக்கு 'அவ்வளவுதான்' என்று விடை கூறினால், வணக்கத்தோடு மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.