அடித்தால் படியுமா குதிரை?

‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லிச் சொல்லியே பழகியவர்கள் நாம். குதிரை விஷயத்தில் பல நாடுகளும் நெடுங்காலம் இதையேதான் நம்பின. அமெரிக்க மேற்குப் பகுதிப் பண்ணைகளில் இளங்குதிரையைக் கயிறு போட்டுப் பிடித்து, சேணத்தைப் பூட்டி, அது துள்ளித் துள்ளி ஓய்ந்துபோகும்வரை முதுகில் உட்கார்ந்திருப்பார்கள். ஓய்ந்துவிட்டால் பழகிவிட்டது என்று கணக்கு. கடந்த நூற்றாண்டில் அதே மாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் ஆகிய பயிற்சியாளர்கள் அடக்காமலே பழக்க முடியும் என்று செய்து காட்டினார்கள். மான்டி ராபர்ட்ஸ் என்ற பயிற்சியாளரை 1989இல் பிரிட்டன் அரசி எலிசபெத் வின்ட்சர் கோட்டைக்கே வரவழைத்து அவருடைய முறையைப் பார்த்தார். 1998இல் வெளியான ‘தி ஹார்ஸ் விஸ்பரர்’ திரைப்படம் இந்த வழிக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. புகழோடு ஒரு தவறான எண்ணமும் சேர்ந்துகொண்டது: இது சிலருக்கு மட்டுமே வாய்த்த மாயம் என்றார்கள் சிலர், விலங்குகள்மேல் இரக்கம் கொண்டவர்களின் பலவீனம் என்றார்கள் வேறு சிலர். உண்மையில் இது தொழில் அறிவு. குதிரை எப்படிக் கற்கிறது என்பது தெரிந்தவருக்குச் சாட்டையின் தேவை குறைகிறது. தெரியாதவருக்கு அது கூடிக்கொண்டே போகிறது.

குதிரை, புலிக்கும் ஓநாய்க்கும் இரையாகாமல் ஓடித் தப்பிய இனம். தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால் ஏறக்குறைய தன்னைச் சுற்றி முழுவதையும் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டுமே அதற்குத் தெரியாத இடம். ஈ உட்கார்ந்தால்கூட அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டும். அதன் கூர்மையான கவனத்துக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கேட்ட கணக்குக்கெல்லாம் குளம்பால் தட்டி விடை சொல்லிப் பெயர் பெற்றிருந்தது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதைச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவர் கண்ணில் படாதபோதும் ஹான்ஸ் தோற்றது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை அவரை அறியாமலே இம்மியளவு அசைய, அதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. கணக்குத் தெரியாத குதிரைதான். ஆனால் மனித உடலை அப்படிப் படித்திருக்கிறது. இவ்வளவு நுட்பமான பிராணியிடம் அடித்துத்தான் பேச வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்?

அடிக்காமல் எப்படிக் கற்பிப்பது? கயிற்றைப் பிடித்து நடத்தும் முதல் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். பயிற்சியாளர் கயிற்றை மெல்ல இழுத்து, அந்த இழுவையைக் கூட்டாமலும் குறைக்காமலும் அப்படியே வைத்திருப்பார். குதிரை முதலில் தலையைத் தூக்கும், பின்னுக்குச் சாயும். அவர் வெட்டி இழுக்க மாட்டார். ஒரு கட்டத்தில் குதிரையின் எடை முன்பக்கம் மாறி, ஒரு கால் அரை அடி நகரும். அந்த நொடியிலேயே கயிறு தளர வேண்டும். குதிரைக்குப் பாடம் புரிவது இழுக்கும்போது அல்ல, விடும்போது. இரண்டு நொடி தாமதித்து விட்டால், அதற்குள் குதிரை தலையை உதறியிருந்தால், ‘தலையை உதறினால் விட்டுவிடுவார்’ என்று அது கற்றுக்கொள்ளும். அதனால்தான் தவறு செய்து முடித்த குதிரையைப் பிறகு அடிப்பது வீண். எதற்காக அடி விழுந்தது என்று அதற்குத் தெரியாது. யாரிடமிருந்து விழுந்தது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அது நினைவிலும் தங்குகிறது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் 28 குதிரைகளுக்கு முன்பின் தெரியாத மனிதரின் புகைப்படங்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைக் கண்டபோது குதிரைகளின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியது. 2018இல் வெளியான அவர்களின் அடுத்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒருவரின் கோப முகத்தையோ சிரித்த முகத்தையோ படத்தில் பார்த்த குதிரைகள், சில மணி நேரம் கழித்து அவரே எந்த உணர்ச்சியும் காட்டாமல் நேரில் வந்தபோது, பார்த்த படத்துக்கேற்ப வேறுவேறாக நடந்துகொண்டன. குதிரையின் நம்பிக்கை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: இந்த மனிதர் அடுத்து என்ன செய்வார் என்று தெரியும், அதில் ஆபத்து இல்லை என்ற அனுபவக் கணக்கு.

‘நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணி, பயம் இல்லாவிட்டால் கட்டுக்குள் நிற்குமா?’ என்பது முதல் ஆட்சேபம். குதிரையால் மனிதருக்கு நேரும் விபத்துகளில் பல, அது மிரண்டு ஓடும்போதும் துள்ளும்போதும் நடப்பவை. பயம்தான் அங்கே ஆபத்து. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன பென்டத்லான் போட்டியில் உலகமே இதைப் பார்த்தது. அதன் குதிரையேற்றச் சுற்றில் அப்போது வீரர்களுக்குக் குலுக்கல் முறையில் முன்பின் பழகாத குதிரை கிடைக்கும். அறிமுகத்துக்கு 20 நிமிடம். ஏற்கெனவே ஒரு வீராங்கனையிடம் தாண்ட மறுத்திருந்த செயின்ட் பாய் என்ற குதிரை, முன்னிலையில் இருந்த ஜெர்மனி வீராங்கனைக்கு வந்தது. மிரண்டிருந்த குதிரையின்மேல் சாட்டை விழுந்தது; அவருடைய பயிற்சியாளர் முஷ்டியாலும் குத்தினார். குதிரை அடங்கவில்லை, பதக்கம் போயிற்று, பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டார். 2024 பாரிஸ் போட்டியோடு அந்த விளையாட்டிலிருந்து குதிரையேற்றமே நீக்கப்பட்டது. போர்க்களத்துக்கு இந்த மென்மை ஆகாது என்பவர்களுக்கும் பதில் உண்டு. கோபத்தோடு குதிரையை அணுகக் கூடாது என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த கிரேக்கர் செனபோன், போர்முனை கண்ட படைத் தளபதி.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: மென்மை என்ற பெயரில் நடப்பதெல்லாம் மென்மைதானா? ராபர்ட்ஸின் முறையில், வட்டமான அடைப்புக்குள் குதிரையை ஓட விடுவார்கள். பிறகு விரட்டுவதை நிறுத்தித் திரும்பி நின்றால் அது தானாக வந்து பின்தொடரும். குதிரை மனிதரைத் தலைவராக ஏற்றுக்கொண்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் மனிதருக்குப் பதிலாக ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை வைத்து இதைச் செய்தார்கள். குதிரைகள் காரையும் நெருங்கி வந்தன. பொம்மைக் காரை யாரும் தலைவராக ஏற்பதில்லை. பக்கத்தில் போனால் விரட்டல் நிற்கிறது என்று குதிரைகள் கற்றிருந்தன, அவ்வளவுதான். ஆகவே பயிற்சியாளர் சொல்லும் கதையை வைத்து அவருடைய முறையை எடைபோட முடியாது. அசையாமல் நிற்கும் குதிரை அமைதியாகவும் இருக்கலாம், என்ன செய்தாலும் தப்ப வழியில்லை என்று கைவிட்டதாகவும் இருக்கலாம். அழுத்தம் எவ்வளவு, அது எப்போது நிற்கிறது, விலகிப்போகக் குதிரைக்கு வழி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள்தான் உரைகல். நல்ல முறைக்கு இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். முதல் சில வாரங்களில் மென்மையான வழி மெதுவாகத்தான் நகரும், உண்மை. ஆனால் மிரண்டு பழகிய குதிரையைத் திருத்துவதற்கு அதைவிடப் பல மடங்கு காலம் பிடிக்கும். நம் ஊரில் குதிரையோடு நமக்குள்ள உறவு பெரும்பாலும் மெரினாவிலும் கொடைக்கானலிலும் வாடகைச் சவாரி போகும் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடத்திலும் நம்மால் செய்யக்கூடியது உண்டு. ஏறுவதற்கு முன் குதிரையைப் பாருங்கள். காதுகள் பின்னுக்கு ஒட்டிக் கிடந்தால், கண்ணின் வெள்ளை தெரிந்தால், கடிவாளம் இழுபட்டு வாய் பிளந்திருந்தால், அந்தச் சவாரி வேண்டாம். அடிக்காமல் நடத்துபவரின் குதிரையைத் தேடி ஏறுங்கள், அவருக்கே காசு கொடுங்கள். சாட்டையால் பிழைப்பு நடக்காது என்று தெரிந்தால் சாட்டை தானாகக் கீழே இறங்கும்.