ஐவருக்கு எதிராக ஒருவர்
வட்டி விகிதக் குழுவில் ஒரு பேராசிரியரின் நான்கு ஆண்டுகள்

புது தில்லி: 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு கூடியது. கரோனா இரண்டாம் அலையிலிருந்து நாடு அப்போதுதான் மீண்டுகொண்டிருந்தது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வழங்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை (ரெப்போ) 4 சதவீதத்திலேயே வைத்திருப்பது என்று ஆறு உறுப்பினர்களும் ஒருமனதாக முடிவு செய்தனர். ஆனால், தளர்வான கொள்கை தேவைப்படும்வரை தொடரும் என்ற அறிவிப்பை ஐவர் மட்டுமே ஆதரித்தனர். எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் ஜெயந்த் ஆர். வர்மா.

அவர் அரசியல்வாதியோ அரசு அதிகாரியோ அல்லர். ஆமதாபாதில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் (ஐஐஎம்) நெடுங்காலம் நிதியியல் கற்பித்த பேராசிரியர். அவரைக் குழுவுக்கு நியமித்ததோ மத்திய அரசு. அரசு நியமித்தவர் அரசின் குரலாகத்தான் ஒலிப்பார் என்ற பொதுவான எண்ணத்துக்கு அவரது நான்காண்டுக் காலம் மாறாக அமைந்தது.

சூதாட்டமா, சந்தையா?

ஐஐஎம் ஆமதாபாதில் மேலாண்மை பயின்று, அங்கேயே முனைவர் பட்டத்துக்கு இணையான ஆய்வை முடித்து, அங்கேயே ஆசிரியராகவும் ஆனவர் வர்மா. செலவுக் கணக்கியலிலும் தகுதி பெற்றவர். வகுப்பறைக்கு வெளியே அவர் பெயர் அறியப்பட்டது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி மூலம். அதன் முழுநேர உறுப்பினராக ஓராண்டுக்கு மேல் பணியாற்றினார்.

1990களின் இறுதியில் தலைநகரில் ஒரு விவாதம் மூண்டிருந்தது. பங்குகளின் குறியீட்டெண்ணை அடிப்படையாகக் கொண்ட முன்பேர வர்த்தகத்தை அனுமதிப்பதா, வேண்டாமா என்பதே அது. சட்டபூர்வமான சூதாட்டமாகிவிடும் என்று ஒரு தரப்பு அஞ்சியது. எல்.சி. குப்தா குழு 1998-ல் அதற்கு ஆதரவாகப் பரிந்துரைத்தது. எனினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது: விலை திடீரெனச் சரிந்து ஒருவர் பணம் கொடுக்க முடியாமல் போனால், எதிர்த்தரப்பில் இருப்பவரின் கதி என்ன?

இதற்கு விடை காணும் பொறுப்பு அதே ஆண்டில் வர்மா தலைமையிலான குழுவிடம் தரப்பட்டது. இந்தியச் சந்தைக் குறியீட்டெண்கள் முந்தைய ஆண்டுகளில் எவ்வாறு ஏறி இறங்கின என்பதை அக்குழு புள்ளிவிவரங்களைக் கொண்டு ஆராய்ந்தது. சந்தையின் அண்மைக்கால ஏற்ற இறக்கத்துக்கேற்ப வைப்புத் தொகையை நாள்தோறும் மாற்றியமைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நூறில் தொண்ணூற்றொன்பது நாள்களின் இழப்பை அத்தொகை ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் அளவுகோல். சந்தை அமைதியாக இருந்தால் குறைந்த தொகை போதும். கொந்தளித்தால் தொகையும் தானே உயரும். தரகரின் செல்வாக்குக்கோ அதிகாரியின் விருப்பத்துக்கோ அதில் இடமில்லை.

1999 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, 2000 ஜூனில் மும்பையின் இரு சந்தைகளிலும் குறியீட்டெண் முன்பேர வர்த்தகம் தொடங்கியது. மறு ஆண்டு மார்ச்சில் கேத்தன் பரேக் விவகாரம் வெடித்து, கொல்கத்தா சந்தையில் தரகர்கள் பணம் செலுத்த இயலாத நிலை உருவானது. கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடும் பழைய பத்லா முறை 2001 ஜூலையில் விடை பெற்றது.

ஆய்வுத் துறையிலும் அவர் பணி தொடர்ந்தது. பங்கு முதலீட்டின் ஆதாயத்தை அளக்க மேலைநாட்டு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் காரணிகளை, சக பேராசிரியர்கள் இருவருடன் சேர்ந்து இந்தியச் சந்தைக்குக் கணக்கிட்டு 2013-ல் வெளியிட்டார். அந்தத் தரவுகளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான நிதித்துறைச் சட்டச் சீர்திருத்த ஆணையத்திலும் வர்மா உறுப்பினர். 2013 மார்ச்சில் அறிக்கை அளித்த அந்த ஆணையம், வட்டி விகிதத்தைத் தனியொருவர் அல்லாமல் ஒரு குழு தீர்மானிக்க வேண்டும் என்றது. ஏழாண்டுகள் கழித்து அத்தகைய குழுவிலேயே அவர் அமர நேர்ந்தது.

காலியாகக் கிடந்த நாற்காலிகள்

2016 வரை வட்டி விகிதத்தின் இறுதி முடிவு ரிசர்வ் வங்கி ஆளுநர் ஒருவர் கையிலேயே இருந்தது. அந்த ஆண்டு சட்டம் திருத்தப்பட்டு ஆறு பேர் குழு அமைந்தது. மூவர் ரிசர்வ் வங்கியினர். மூவர் மத்திய அரசு நியமிக்கும் வெளியாட்கள். வெளியாட்களின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள், மறுநியமனம் கிடையாது. வாக்குகள் சமமானால் ஆளுநரின் வாக்கே முடிவு செய்யும். பணவீக்கம் 4 சதவீதமாக இருக்க வேண்டும், 2 சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம் என்று இலக்கு வகுக்கப்பட்டது.

முதல் அணியின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. புதியவர்களை அரசு உரிய நேரத்தில் நியமிக்காததால், அம்மாத இறுதியில் நடைபெறவிருந்த கூட்டமே தள்ளிப்போனது. அக்டோபர் முதல் வாரத்தில்தான் வர்மா, அஷிமா கோயல், சசாங்க பிடே ஆகியோர் நியமிக்கப்பட்டனர்.

எதிர்ப்பின் தர்க்கம்

2021-ல் வர்மா முன்வைத்த வாதம் எளிமையானது. கரோனா சில மாதங்களில் மறையும் நெருக்கடி அல்ல. வீரியம் குறைந்த வடிவில் பல ஆண்டுகள் நீடிக்கக்கூடும். குறுகிய கால அதிர்ச்சிக்கான மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் பக்கவிளைவே மிஞ்சும். தவிர, பெருந்தொற்றால் நொறுங்கியவர்கள் சமூகத்தின் சில பிரிவினர். அவர்களைக் கைதூக்கிவிட அரசின் செலவினமே ஏற்ற கருவி. நாடு முழுவதற்குமான மலிவு வட்டி அல்ல.

2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டது. உக்ரைன் போரால் எண்ணெய், தானிய விலைகள் ஏறியதும் அதற்குக் காரணம் என்பதை மறுக்க முடியாது. மே மாதம் அட்டவணைக்கு வெளியே கூடிய குழு, வட்டியை உயர்த்தத் தொடங்கியது. தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இலக்கைத் தவறவிட்டதால், சட்டப்படி அரசுக்கு விளக்கம் அளிக்க நேர்ந்தது. அதற்காக நவம்பரில் தனிக் கூட்டமே நடந்தது.

இங்குதான் வர்மாவின் பாதை வியப்பளிக்கிறது. தளர்வை முதலில் எதிர்த்த அவரே, 2022 டிசம்பரில் ரெப்போ 6.25 சதவீதமாக உயர்ந்தபோது அதையும் எதிர்த்தார். ஏற்கெனவே செய்த உயர்வுகளின் விளைவு முழுமையாகத் தெரியும் முன்பே மேலும் இறுக்குவது வளர்ச்சியைப் பாதிக்கும் என்றார். 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமானபோது கோயலும் அவருடன் சேர்ந்தார். வாக்கு 4-க்கு 2.

பத்து மாதங்களில் 2.5 சதவீதப் புள்ளிகள் உயர்வு என்பது சாமானியனுக்கு என்ன? 20 ஆண்டுத் தவணையில் ரூ.30 லட்சம் வீட்டுக் கடனுக்கு வட்டி 7-லிருந்து 9.5 சதவீதமானால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.4,700 கூடுகிறது.

2024 பிப்ரவரியில் வட்டியைக் கால் சதவீதம் குறைக்கக் கோரி வர்மா தனித்து வாக்களித்தார். அடுத்த நிதியாண்டின் பணவீக்கம் 4.5 சதவீதம் என ரிசர்வ் வங்கியே கணித்திருக்க, 6.5 சதவீத வட்டி என்பது மெய்யளவில் 2 சதவீதம். இது தேவைக்கு அதிகம், வளர்ச்சியே இதற்கு விலை என்பது அவர் கணக்கு. ஜூன், ஆகஸ்ட் கூட்டங்களில் கோயலும் குறைப்பை ஆதரித்தார். பெரும்பான்மை அசையவில்லை. 2024 அக்டோபருக்கு முன் இருவரின் காலமும் முடிந்தது.

யார் சரி?

பெரும்பான்மையின் அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. உணவு விலையேற்றத்தால் 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.2 சதவீதத்தைத் தாண்டியது. மறுபுறம், அதே ஆண்டு ஜூலை-செப்டம்பர் காலாண்டின் பொருளாதார வளர்ச்சி முதல் மதிப்பீட்டில் 5.4 சதவீதமாகச் சரிந்திருந்தது. 2025 பிப்ரவரியில் வட்டிக் குறைப்பு தொடங்கியது. ஜூனுக்குள் ரெப்போ 5.5 சதவீதத்துக்கு இறங்கியது. வர்மா கேட்ட குறைப்பு, அவர் கேட்டு ஓராண்டு கழித்து வந்தது.

எவர் கணிப்பு பலித்தது என்பதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பதினான்காம் நாள், உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்கையும் அதற்கான காரணத்தையும் ரிசர்வ் வங்கி வெளியிட வேண்டும் என்கிறது சட்டம். கோடிக்கணக்கானோரின் கடனையும் சேமிப்பையும் பாதிக்கும் ஒரு முடிவில் எதிர்வாதம் என்ன என்பதை எவரும் படித்தறிய முடிவது அதனால்தான். ஆனால், எதிர்வாதம் எழுத ஒருவர் இருந்தால்தான் அந்தப் பிரிவுக்கு உயிர். அரசு நியமிக்கும் மூன்று இடங்களில் யார் அமர்கிறார்கள் என்பதை நாடாளுமன்றமும் எதிர்க்கட்சிகளும் கூர்ந்து கவனிக்க வேண்டியதும் இதற்காகவே.